வேன் நிக்கட்டும்

என்னிடம் நாட்குறிப்புகள் ஒரு அலமாரித் தட்டு நிறைய இருக்கின்றன. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்த நாள், அடைத்த நாள், பாபநாசம் மலையில் முதல் மழை இறங்கிய நாள், எங்கள் தெருவுக்குத் தார் போட்ட நாள், அந்தத் தாரைக் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய நாள் (இரண்டுக்கும் நடுவே பதினேழு நாட்கள்) எல்லாம் அவற்றில் உண்டு. எனக்கு நூலகத்தில் வேலை. வரலாற்று நூல்களைப் படித்துப் படித்து, நாளும் கிழமையும் இல்லாத சம்பவத்தை நம்பாத குணம் வந்துவிட்டது.

அந்தக் குறிப்புகளில் நான் இங்கே சொல்லப்போகிறவர் வரும் இடங்களில் எல்லாம் ‘பள்ளி ஆயா’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அப்போது பெயர் தெரியாது. பிறகு தெரிந்தது. இப்போதும் எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் வேறு. முடிவு வரை படிப்பவர்களுக்கு அது தானாக விளங்கும்.

முதல் குறிப்பு ஓர் ஐப்பசித் திங்கட்கிழமை. பெருந்தொற்று முடிந்து பள்ளிகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்த காலம். என் மகள் கயலை அழைத்துவரக் கல்லிடைக்குறிச்சியில் கால்வாயை ஒட்டி இருந்த அந்த மழலையர் பள்ளிக்குப் போயிருந்தேன். மணி மூன்று நாற்பது. வேன் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளைகள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். முற்றத்தின் கோடியில் இருந்த கழிப்பறைக் கதவுக்கு முன்னால், கதவுக்கு முதுகைக் காட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நீலச் சேலை, தோளில் ஒரு துண்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை.

வேன் ஓட்டுநர் இறங்கி வந்தார்.

“யக்கா, ஏத்தி விடும். நேரமாவுது.”

“உள்ள ஆளு இருக்கு.”

“யாரு ஆளு? அந்த யூகேஜி பயதான?”

“ஒன்ன மாதிரி அவனும் ஆளுதாம்லே. வேன் நிக்கட்டும்.”

“பத்துப் பிள்ளைய உள்ள வேகுது யக்கா.”

“அப்ப எறக்கி வேப்பமரத்துக்குக் கீழ நிப்பாட்டு. ஆரன் அடிச்சேன்னா வேன் சாவியப் புடுங்கி வச்சிருவேன், பாத்துக்க.”

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம் வேன் நின்றது. கதவு திறந்து ஒரு சிறுவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். அவர் அவனிடம் ‘ஆச்சா’ என்று கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டார், பொத்தானைப் போட்டுவிட்டார், வேனில் ஏற்றிவிட்டார். அன்றைய குறிப்பில் நான் எழுதியிருப்பது: ‘பள்ளி ஆயா பிடிவாதம். வேன் 11 நிமிடம் தாமதம்.’ எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த எரிச்சலையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

அவர் உவரிப் பக்கம் கடற்கரைக்காரர். கட்டிக்கொடுத்த இடம் இந்த ஊர். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. முற்றத்தில் நின்று அவர் ‘மக்கா’ என்று கூப்பிட்டால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் துணி துவைப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் அவருடைய குரல் இறங்கிவிடும். யாராவது சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தால் உதட்டில் விரலை வைப்பார். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அவசரப்படுத்தும் எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது. தலைமை ஆசிரியை வந்தாலும் அதே விரல்தான்.

பிள்ளைகள் அவரை ஆயா என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அத்தை என்று கூப்பிட வேண்டும். “பின்பக்கம் கழுவி விடுதவ சொந்தக்காரியாத்தான இருக்கணும்?” என்பார்.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போய் வந்த வாரத்தில் கயலுக்குக் காய்ச்சல் கண்டது. அப்போது அவளுக்கு நான்கு வயது. மூன்று நாள் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை, சாப்பிடவில்லை. காய்ச்சல் விட்டபிறகு மலம் கல்லாக இறுகி, கிழித்துக்கொண்டு வந்தது. ஒரு சொட்டு ரத்தம். அன்று அவள் அழுத அழுகை தெருமுனை வரை கேட்டது. அதற்குப் பிறகு அவள் போகவே இல்லை. நான்கு நாள், ஐந்து நாள் என்று ஆனது. நான் ஒரு தனி நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கினேன். என் மனைவி விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் உலர்திராட்சையை ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஆறாம் நாள் காலையில், எங்கள் வீடுகளில் தலைமுறையாகச் செய்கிற அந்த வேலையைச் செய்தோம். குளிக்கிற சோப்பைக் கத்தியால் விரல் கனத்துக்குச் சீவி, கூராக்கி, விளக்கெண்ணெயில் நனைத்துப் பின்வழியாக வைப்பது. என் மனைவி வைத்தாள். கால்கள் இரண்டையும் நான் பிடித்துக்கொண்டேன்.

நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘ஆறாம் நாள். காலை 7.10. சோப்பு. பலன் கிடைத்தது.’

அதன்பிறகு பத்து நாட்களில் இரண்டு முறை அப்படிச் செய்தோம். இரண்டு முறையும் ‘பலன் கிடைத்தது’.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, பள்ளி வாசலில் அவர் என்னை நிறுத்தினார். சுற்றிலும் ஐந்தாறு பெற்றோர்கள் நின்றிருந்தார்கள். அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

“அண்ணாச்சி, பிள்ளைக்குச் சோப்பு வச்சியளா?”

“என்னது?”

“வெளிக்கிப் போவலைன்னு சோப்பு சீவி வச்சியளான்னு கேக்கேன்.”

நான் குரலைத் தாழ்த்தி, அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“சாப்பாட்டுக்கு முன்ன கை கழுவ சோப்ப நீட்டினேன். ரெண்டு கையையும் பின்னால கொண்டுபோயி குண்டியப் பொத்திக்கிட்டு சுவரோட ஒட்டிட்டா. கை கழுவ மாட்டேங்கிற பிள்ளைய எவ்வளவோ பாத்திருக்கேன். சோப்பக் கண்டு பின்பக்கத்தப் பொத்துத பிள்ளைன்னா அது வேற.”

வீட்டிலும் அவள் சில நாட்களாகச் சோப்பு வேண்டாம் என்று அலறிக்கொண்டிருந்தாள். அடம் என்று நினைத்து வெறும் தண்ணீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். எத்தனையோ நூல்களில் காரணத்தையும் விளைவையும் தேடிப் படித்தவன் நான். என் வீட்டுக் குளியலறையில் அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததைப் பார்க்கவில்லை.

“ரொம்ப முக்குறா அக்கா. கதவுக்குப் பின்னால போய் நின்னு, முகம் சிவக்க முக்குறா. ஆனா வரலை. அதுக்குத்தான்…” என்றேன்.

“முக்கல அண்ணாச்சி. அடக்குதா.”

“அடக்குறாளா?” என்றேன்.

“முக்குத பிள்ளை குத்த வைக்கும். உங்க பிள்ளை நுனிக்காலுல நிக்கா. கால ரெண்டையும் பின்னிக்கிட்டு, கதவுத் தாழ்ப்பாளப் புடிச்சுக்கிட்டு நிக்கா. வாரத உள்ள தள்ளுதா. ஒருக்கா வலிச்சுட்டு, இன்னும் வலிக்கும்னு பயம். அந்தப் பயத்துக்கு மேல நீங்க சோப்ப வேற வச்சிருக்கிய.” பக்கத்தில் நின்ற ஒரு தாய் சிரித்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பினார். “நீ என்னத்தக்கா சிரிக்க? உன் வீட்டுல வைக்கது வெத்தலைக் காம்புதான?” சிரிப்பு நின்றது.

அதோடு விடவில்லை. கயலின் உள்ளாடையில் அடிக்கடி கறை படுகிறது என்றார். அது எனக்குப் புதிய செய்தி. பள்ளிக் குறிப்பேட்டில் வகுப்பாசிரியை ‘பிள்ளைக்குக் கழிப்பறைப் பழக்கம் கற்றுத் தரவும்’ என்று எழுதியிருந்ததை, அவரே ஆசிரியையிடம் சண்டை போட்டுக் கிழிக்க வைத்திருந்தார். ஆடையை மதியமே அலசி, மதில்மேல் காயவைத்து, மாலையில் அதையே போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். அதனால் எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் அறிந்தால் அடிப்போமோ என்று பயந்திருக்கிறார்.

“அடிச்சிருப்பியளா?”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

“நாளைக்கே பிள்ளைகள் டாக்டரப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லாண்டாம். பிள்ளை நிக்கத நின்னு காட்டுங்க, அவருக்கு விளங்கும்.”

அம்பாசமுத்திரத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். நான் அவர் அறையில் நுனிக்காலில் நின்று, கால்களைப் பின்னிக் காட்டினேன். மருத்துவர் சிரிக்கவில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஏறக்குறைய ஆயாம்மா சொன்னதேதான். பழைய மலம் உள்ளே இறுகிக் கிடக்கிறது. அதன் ஓரமாகக் கசிவதுதான் கறை. அது பிள்ளைக்குத் தெரியாமல் நடப்பது, அதற்குத் திட்டக் கூடாது. சோப்பு, காம்பு எதுவும் கூடாது. மலத்தை இளக்கும் மருந்து மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. தினமும் குடிக்கும் மூன்று தம்ளர் பாலைக் குறைத்து, தண்ணீரும் பழமும் கீரையும் கூட்டுங்கள். சாப்பிட்டதும் ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள், வந்தாலும் வராவிட்டாலும். கால் தரையில் பதிய வேண்டும்.

மறுநாள் இதை ஆயாம்மாவிடம் ஒப்பித்தேன். எதுவும் அவருக்குப் புதிதாக இல்லை. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

“பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரியில, பிள்ளைய வார்டுல நாலு வருசம் தரை தொடச்சேன். டாக்டருமாரு பெத்தவங்ககிட்ட இதத்தான் தெனமும் சொல்லுவாவ. பெத்தவங்க தலைய ஆட்டிட்டு வீட்டுக்குப் போயி சோப்பு சீவுவாவ. அவங்க கேக்கல, நான் கேட்டேன்.”

கால் பதிய வேண்டும் என்பதிலும் அவர் முந்திக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளியில் முந்தைய ஆண்டுதான் பெரியவர்கள் உட்காரும் உயரத்தில் மேற்கத்தியக் கழிப்பறைகள் கட்டியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டினார்கள். தேதி என்னிடம் உண்டு. நான்கு வயதுப் பிள்ளை அதில் ஏறி உட்கார்ந்தால் கால்கள் அந்தரத்தில் ஆடும். விழுந்துவிடாமல் விளிம்பைப் பிடித்துக்கொள்ளவே சரியாக இருக்கும். இவர் அப்பளம் போடும் வீடு ஒன்றில் போய், ஓரம் உடைந்த தேய்ப்புப் பலகைகள் நான்கை வாங்கி வந்து, இரண்டிரண்டாக ஆணி அடித்து, கழிப்பறைக்கு ஒன்றாகப் போட்டுவிட்டார். பிள்ளைகள் அதில் காலை ஊன்றி, முழங்கால் உயர, ராஜா மாதிரி உட்கார்ந்தார்கள். பார்வையாளர்கள் வரும் நாளில் தாளாளர் அந்தப் பலகைகளை எடுத்து மறைத்துவைப்பார். அவர்கள் போன மறுநிமிடம் அவை திரும்பவும் உள்ளே இருக்கும்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு பலகை வந்தது. மருந்து வேலை செய்தது. இரண்டு வாரத்தில் கயல் தினமும் போகத் தொடங்கினாள். அப்போதுதான் நான் அடுத்த தவறைச் செய்தேன். ‘மருந்துக்குக் குடல் பழகிரும்லே’ என்று என் அண்ணன் சொன்னதைக் கேட்டு மருந்தை நிறுத்தினேன்.

எட்டாம் நாள் ஆயாம்மா பள்ளி வாசலில் காத்திருந்தார்.

“நிறுத்திட்டியளோ?”

“நல்லாப் போகுதேன்னுதான்…”

“இன்னைக்குக் கதவுக்குப் பின்னால போயி நின்னுட்டா. கால் ஒடிஞ்சவன் ரெண்டு எட்டு நடந்துட்டான்னு கட்டப் பிரிச்சுருவியளா?”

நான் என் ஒழுங்கை நிரூபிக்க, பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினேன். நாள், நேரம், அளவு, தன்மை, அன்று சாப்பிட்டது என்று ஐந்து பத்திகள். சிவப்பு மை, நீல மை. அவர் பக்கங்களைப் பைய புரட்டினார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்தான்.

“அணைக்குத் தண்ணி அளவு எழுதுத மாதிரில்லா எழுதி வச்சிருக்கிய.”

“மருத்துவருக்கு உதவும்னு.”

“டாக்டருக்கு உதவும். பிள்ளைக்கு? காலையில எந்திரிச்சதும் நீங்க இந்த நோட்டத் தூக்கிக்கிட்டு உக்காருதத அவ பாக்கால்லா. நீங்க ‘போச்சா’ன்னு கேக்கிய, மதினி ‘போச்சா’ன்னு கேக்காவ, ரோட்டுல போறவன் ‘போச்சா’ன்னு கேக்கான். நீங்க உள்ள போயிட்டு வந்தா யாராவது வாசல்ல நின்னு கேக்காவளா? கேட்டா மறுநாள் உங்களுக்கு வருமா?”

மருந்தை மறுபடி தொடங்கினோம். நோட்டை நான் நிறுத்தவில்லை. அது என்னால் ஆகாது. நூலகத்தில் மேசை இழுப்பறைக்குள் வைத்து எழுதினேன். வீட்டில் யாரும் கேட்கக் கூடாது என்று விதி போட்டோம். என் அண்ணன் வந்து கேட்டபோது, அவருடைய நிலவரத்தை என் மனைவி திருப்பிக் கேட்டாள். பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாசி மாதம் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. பிள்ளைகள் வகுப்பு நேரத்தில் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரை வீணாக்குகிறார்கள், வேன் தாமதமாகிறது, இனி கழிப்பறைகள் இடைவேளை நேரங்களில் மட்டும் திறந்திருக்கும், மற்ற நேரம் பூட்டப்படும். தாளாளர் கெட்டவர் இல்லை. கோடையில் தொட்டி வற்றும் கவலை அவருக்கு. வேன் தாமதம் பற்றி நாள்தோறும் நான்கு பேர் அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் பூட்டு என்று ஒன்றை வாங்கிவிட்டார்.

திங்கட்கிழமை பூட்டு வந்தது. சாவி ஆயாம்மாவிடம் கொடுக்கப்பட்டது. புதன்கிழமை பூட்டைக் காணோம்.

“பூட்டு எங்க?” என்று தாளாளர் கேட்டாராம்.

“நேத்து இருந்துச்சி சார்.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு இல்ல. சாவி இருக்கு. வேணுமா?”

இரண்டாவது பூட்டு நான்கு நாள் இருந்தது. மூன்றாவது ஒரே நாள். நான்காவதை வாங்கும்போது கடைக்காரரே சிரித்தார் என்று ஊரில் பேச்சு. ஐந்தாவதும் போனபிறகு, தாளாளர் ஆறாவது பூட்டைத் தன் கையால் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பூட்டுகள் என்ன ஆயின என்று ஆயாம்மாவிடம் நானும் கேட்டேன். “எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி, பூட்டுக்கு நானா காவல்?” என்றார். முகத்தில் ஓர் அசைவு இல்லை.

அந்த ஆறாவது பூட்டின் வாரம்தான் எங்களுக்கு மோசமான வாரம். கயலுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இடைவேளை முடிந்த கையோடுதான் உணர்வு வரும். கதவு பூட்டியிருந்தது. அவள் அடக்கினாள். அடக்கப் பழகிய பிள்ளைக்கு அது கைவந்த வேலை. மருந்து கொடுத்தும் ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் அவள் கதவுக்குப் பின்னால் நுனிக்காலில் நின்றதைப் பார்த்தபோது, மாதக்கணக்கில் பட்ட பாடெல்லாம் ஒரே வாரத்தில் கைவிட்டுப் போகிறது என்று என் மனைவி அழுதாள்.

மறுநாள் சனிக்கிழமை, காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். ஒரே பொருள்தான்: ஆயாம்மா. எங்களை எல்கேஜி பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். முழங்கால்கள் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தோம். தாளாளருக்கு மட்டும் பெரிய நாற்காலி. அவருக்கு முன்னால் மேசை. மேசைமேல் அந்தச் சாவி. ஆயாம்மா ஓரமாகச் சுவரில் சாய்ந்து, அதே மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. மணி அடிச்சா போகணும், மணி அடிச்சா வரணும். இந்தம்மா ஒரு பிள்ளைக்காக நாப்பது பிள்ளைகளை நிறுத்தி வைக்கிறாங்க. பூட்டு அஞ்சு காணாமப் போயிருக்கு. என்ன சொல்றீங்க?” என்றார் தாளாளர்.

“வேன் லேட்டாத்தான் வருது” என்றார் ஒருவர். இரண்டு மூன்று தலைகள் ஆடின.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று தாளாளர் அவரைப் பார்த்தார்.

“மணி அடிச்சா வாரதுக்கு அது என்ன பிரேயரா சார்?”

பின்வரிசையில் யாரோ இருமுவது போல் சிரித்தார்கள். என் பைக்குள் நோட்டு இருந்தது. அதில் பூட்டு இருந்த நாட்களும் என் மகள் போகாத நாட்களும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் இருந்தன. எழுந்து வாசிக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து எழவும் கூச்சமாக இருந்தது. என் மகளின் வயிற்றை நாற்பது பேருக்கு முன்னால் எப்படி வாசிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கயல் வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, அவள் அம்மாவையும் பார்க்கவில்லை.

“அத்தை, ஆய் வருது” என்றாள்.

நல்ல சத்தமாகச் சொன்னாள். பயமும் இல்லை, கூச்சமும் இல்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்கிற குரல். காய்ச்சல் வந்த அந்த வாரத்திலிருந்து அன்று வரை அவள் வாயிலிருந்து தானாக அந்தச் சொல் வந்ததில்லை. நாங்கள்தான் கேட்போம், அவள் இல்லை என்பாள். என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தது நினைவிருக்கிறது.

அவர் சுவரை விட்டு நிமிர்ந்தார். “வாரேன் மக்கா.” மேசைக்கு வந்து கையை நீட்டினார். “சாவி குடுங்க சார்.”

“கூட்டம் முடியட்டும்மா. பத்து நிமிசம். இன்னைக்கு ஒருத்திக்குத் திறந்தா…”

“பத்து நிமிசத்துல போயிரும் சார். வராதுன்னு இருந்த பிள்ளைக்கு இப்ப வந்திருக்கு. வந்தது திரும்பிப் போச்சுன்னா நீங்களா கூப்பிடப் போறிய?”

தாளாளர் சாவியின்மேல் உள்ளங்கையை வைத்தார். நான் எப்படி எழுந்தேன் என்று குறிப்பில் இல்லை. மேசைக்குப் போய், அவர் கையை ஒதுக்கி, சாவியை எடுத்து ஆயாம்மாவிடம் கொடுத்தேன். “சார், நீங்க படிச்சவங்க” என்று தாளாளர் தொடங்கினார். “ஆமா சார். இந்த விஷயத்துல அதனாலதான் இவ்வளவு நாளாச்சு” என்றேன்.

இருவரும் முற்றத்தைக் கடந்து போனார்கள். கயல் ஓடவில்லை, காலைப் பின்னவில்லை, கையைப் பிடித்து நடந்தாள். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. பலகையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் வெளியே வந்து, கதவுக்கு முதுகைக் காட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தாளாளர் வாசலுக்கு வந்து, “நாங்க தொடரலாமா?” என்று கேட்டார்.

அவர் உதட்டில் விரலை வைத்தார். பிறகு அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “கூட்டம் நிக்கட்டும்.”

ஒன்பது நிமிடம் கூட்டம் நின்றது. ஊரில் வேலையும் கடையும் உள்ள முப்பது, நாற்பது பேர், குட்டி நாற்காலிகளில், என் மகளுக்காக வாய்மூடி உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கயல் கை கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். நுரையை ஊதிப் பார்த்தாள். அது எனக்குக் கூட்டத்திலிருந்தே தெரிந்தது.

அந்தக் கூட்டத்தால் அவருடைய வேலை பிழைக்கவில்லை. அடுத்த கல்வியாண்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பதினொரு பேர் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தோம். பதில் வரவில்லை. கடைசி நாள் அவரைப் பார்த்தபோது நான் மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஏதோ சொன்னேன். “என்னத்துக்கு அண்ணாச்சி மூஞ்சத் தூக்கி வச்சிருக்கிய? பலகை இங்கதான் கெடக்கு. எடுத்துட்டுப் போவல” என்றார். பலகையை அவர் எடுத்துக்கொண்டு போகவும் இல்லை, பிறகு தாளாளரை எடுக்கப் பிள்ளைகள் விடவும் இல்லை. அதற்குள் அவர்கள் எல்லாருமே கயலைப் போலச் சத்தமாகக் கேட்கப் பழகியிருந்தார்கள். நாற்பது பிள்ளைகள் மாறி மாறிக் கேட்டால் எந்தப் பூட்டும் திறந்துதான் ஆக வேண்டும். அந்தக் கதவுக்கு ஏழாவது பூட்டு வாங்கப்படவில்லை. ஆறாவதும் சில நாளில் ஆணியில் தொங்கியது.

மருத்துவர் சொன்னபடி மருந்தைப் பைய பைய குறைத்து, அடுத்த ஆவணியில் நிறுத்தினோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாளும் நேரமும் இருக்கிறது. அதற்குமேல் வேறொன்றும் எழுதத் தேவைப்படவில்லை.

அதற்குப் பிந்தைய பங்குனியில் கன்னடியன் கால்வாயை அடைத்துத் தூர் வாரினார்கள். அடைத்த நாளைக் குறிக்க வழக்கம்போல் போயிருந்தேன். பள்ளியின் பின்மதிலுக்கு நேர் கீழே, காய்ந்த சேற்றில், வாரிப்போட்ட குப்பையோடு அவை கிடந்தன. குனிந்து எண்ணினேன். ஐந்து பூட்டுகள். துருப்பிடித்திருந்தன. ஐந்தும் அமுக்கிப் பூட்டப்பட்டே இருந்தன.

சில வாரம் கழித்து அம்பாசமுத்திரம் சந்தையில், கொய்யாப்பழக் கூடைக்கு முன்னால் அவரைப் பார்த்தேன். கயலும் கூட வந்திருந்தாள். இப்போது வேறொரு ஊரில், ஆற்றோரப் பள்ளி ஒன்றில் வேலை என்றார். கயலின் கன்னத்தைத் தட்டி, படிப்பைப் பற்றி விசாரித்தார். வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பூட்டுகளைப் பார்த்ததைச் சொன்னேன். “அப்படியா?” என்று ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“புதுப் பள்ளிக்கூடத்துலயும் கக்கூஸ் கதவுக்குப் பூட்டு இருக்கா அக்கா?” என்று கேட்டேன்.

“இருந்துச்சி” என்றார்.